வீட்டுல லேன் போர்ட்டு தீந்து போச்சு, கொறஞ்ச செலவுல இன்னும் மூணு நாலு வயர் கனெக்‌ஷன் எடுக்க என்ன வழி?

கருங்கல்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்க வீடு கன்னியாகுமரி ஜில்லாவுல கருங்கல் ஊரு பக்கத்துல, கீழ மூணு ரூம் மச்சுல ரெண்டு ரூம், பழைய வெட்டுக்கல்லு செவுரு. ஃபைபர் நெட்டு 100 எம்பிபிஎஸ் பிளான், மோடம் கீழ முன் ரூம்ல டிவிக்க பக்கத்துல மாட்டியிருக்கு. அதுல நாலு லேன் போர்ட்டு உண்டு, ஒண்ணுல டிவி, ஒண்ணுல சிசிடிவிக்க டிவிஆர் (கேமரா படத்த ரெக்கார்டு பண்ற பெட்டி), ஒண்ணுல எனக்க கம்ப்யூட்டர், நாலாவதுல எத குத்துனாலும் லைட்டு எரியுது ஆனா நெட்டு வரமாட்டேங்கு. இப்பம் தம்பி பெங்களூர்லேருந்து வந்து இனி வீட்டுல இருந்தே வேலங்கான், மச்சுல அவனுக்க ரூம்ல வைஃபை ஒரு கட்டை ரெண்டு கட்டைக்கு மேல ஏறாது, மீட்டிங்ல பாதில தொங்கிப் போவுதுன்னு தெனமும் ஒரே சண்டை. அவனுக்கு ஒரு வயர் வேணும், பிரிண்டருக்கு ஒண்ணு வேணும், பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு கெடக்கு அதுல கல்யாண வீடியோ போட்டோ எல்லாம் ஏத்தி வீட்டுல எல்லாரும் பாக்க மாதி வைக்கணும்னு ஆசை, அதுக்கு ஒண்ணு. கடையில கேட்டா வேற ரவுட்டர் வாங்கு நாலாயிரம் ஆவும்னான். ஆன்லைன்ல பாத்தா ஒய் மாதி ஒரு சாமானம், ஒரு வயர ரெண்டாக்குமாம், நூத்தம்பது ரூவா. அது போதுமா? துட்டு அதிகம் எறங்காம ஒரு வழி சொல்லுங்க.

திங்கள்சந்தை டெக்:
அந்த ஒய்ய வாங்காதீங்க அண்ணே. லேன் கேபிளுக்குள்ள எட்டு வயர், அதாவது நாலு ஜோடி. 100 எம்பிபிஎஸ் ஓடதுக்கு ரெண்டு ஜோடி போதும், மிச்ச ரெண்டு ஜோடி சும்மா கெடக்கும், அந்த சும்மா கெடக்கதுல இன்னொரு லைன ஏத்தி விடதுதான் ஒய் செய்ய வேல. அதுக்கு கேபிளுக்க ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு ஒய் மாட்டணும், மோடம்லயும் ரெண்டு போர்ட்டு காலியா இருக்கணும். ஒங்களுக்கு போர்ட்டு இல்லாததுதான பிரச்சனையே, பொறவு என்னத்துக்கு? ஒரு முனையில மட்டும் மாட்டுனா ரெண்டு மெசின ஒரே நேரம் ஆன் பண்ணும்போ ரெண்டும் ஓடாது. ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, நாலு ஜோடியும் வேணும்கதுனால அந்த பேச்சே இல்ல.

நீங்க கேக்க சாமானத்துக்கு பேரு ஸ்விச்சு. கடையில போய் "நெட்வொர்க் ஸ்விச்சு, அன்மேனேஜ்டு, ஜிகாபிட்"னு கேளுங்க, இல்லன்னா லைட்டு ஸ்விச்ச எடுத்து நீட்டுவான். கரண்டுக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போடது மாதிதான், செட்டிங்கு ஒண்ணும் கெடையாது, பாஸ்வேர்டு கெடையாது, அடாப்டர மாட்டி வயர குத்துனா முடிஞ்சுது. மோடம்லேருந்து ஒரு வயர் ஸ்விச்சுக்கு, மிச்ச போர்ட்டு எல்லாம் ஒங்களுக்கு. அஞ்சு போர்ட்டு வாங்குனா ஒண்ணு மோடத்துக்கு போயிரும், கையில நாலுதான் மிஞ்சும். எட்டு போர்ட்டா வாங்கிருங்க.

கருங்கல்காரன்:
அப்பம் ஐபி எல்லாம் யாரு குடுப்பா? நெட்டு கம்பெனிக்காரன் இத்தன மெசின்னு தனியா காசு கேப்பானா?

திங்கள்சந்தை டெக்:
ஐபி, அதாவது ஒவ்வொரு மெசினுக்கும் உள்ள நம்பர், குடுக்கது மோடம்தான், இப்பம் எப்பிடி குடுக்கோ அப்பிடியே. ஸ்விச்சு எந்த போர்ட்டுல எந்த மெசின் இருக்குன்னு அதுவா படிச்சு வச்சுக்கிட்டு அங்க மட்டும் அனுப்பும், அம்புட்டுதான். 192.168.1.2-லேருந்து 254 வர வீட்டுக்குள்ள நம்பர் இருக்கு, நம்ம வீட்டு சாமானத்துக்கு அது தீராது. வெளிய கம்பெனிக்கு தெரியது ஒரே ஒரு கனெக்‌ஷன்தான், காசு கேக்க முடியாது.

வடசேரிக்காரன்:
என்னத்துக்கு மக்கா ஜிகாபிட்? பிளானே 100. 10/100 ஸ்விச்சு ஐநூறு அறுநூறுக்கு கோர்ட் ரோட்டுல கெடக்கு. சும்மா ஆள ஏத்தி விடாதீங்க. எனக்க வீட்டுல பல வருஷமா 100 ஸ்விச்சுதான் ஓடுது, ஒக்கி புயலப்போ கரண்டு இல்லாம கெடந்தது தவிர ஒரு நாளும் மக்கர் பண்ணது இல்ல.

திங்கள்சந்தை டெக்:
நெட்டுக்கு மட்டும்னா நீங்க சொல்லது செரிதான் அண்ணாச்சி, ஒண்ணும் கொறையாது. ஆனா அவரு வீட்டுக்குள்ளயே ஸ்டோரேஜ் வைக்கணும்ங்காரு. கல்யாண வீடியோ ஒரு 20 ஜிபின்னு வைங்க. 100ங்கது பிட்டு கணக்கு, எட்டு பிட்டு சேந்தாத்தான் ஒரு பைட்டு, அதுனால 100 ஸ்விச்சுல செகண்டுக்கு 11, 12 எம்பிதான் போவும், அர மணிக்கூர் ஆவும். ஜிகாபிட்டுல 110 எம்பி வர போவும், மூணு மூணர நிமிஷம். வீட்டுக்குள்ள ஓடதுக்கும் பிளானுக்கும் சம்பந்தமே கெடையாது, அந்த டிராஃபிக்கு வெளிய போவவே போவாது.

வடசேரிக்காரன்:
யாரு டெய்லி கல்யாண வீடியோவ காப்பி பண்ணிக்கிட்டு இருக்கப் போறா? ஒருக்கா ஏத்துனா முடிஞ்சுது. பாக்கதுக்கு 100 தாராளம். அர மணிக்கூர் ஆனா ஒரு சாயா குடிச்சுட்டு வரலாம்.

திங்கள்சந்தை டெக்:
அஞ்சு போர்ட்டுல ரெண்டுக்கும் வித்தியாசம் ஐநூறு ரூவா பக்கம்தான். நாளைக்கு 200 பிளானோ 300 பிளானோ போட்டா அந்த 100 ஸ்விச்ச தூக்கி தட்டுல போடணும். அவரு துட்டு, அவரு முடிவு.

நெல்லிக்கா (தக்கலை):
இடையில வாறதுக்கு மன்னிக்கணும். ஸ்விச்சு வாங்கதுக்கு முன்ன ஒரு காசு செலவில்லாத காரியம் இருக்கு. டிவிய வயர்லேருந்து எடுத்துருங்க. முக்காவாசி ஸ்மார்ட் டிவியில, அது பெரிய 4கே டிவியா இருந்தாலும், லேன் போர்ட்டு 100தான் வச்சிருப்பான். மோடம் பக்கத்துலயே டிவி இருக்குன்னு சொல்லுறீங்க, அம்புட்டு கிட்டத்துல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அந்த லேன் போர்ட்ட விட வேகமா எடுக்கும். நெட்ஃபிளிக்ஸே 4கே-க்கு 15 எம்பிபிஎஸ் போதும்னுதான் சொல்லுது. அப்பம் டிவிக்க போர்ட்டு தம்பிக்கு ஆச்சு, இன்னைக்கே.

வயரு எதுக்கு வேணும் எதுக்கு வேண்டாம்னு ஒருக்கா யோசிங்க. பிரிண்டருக்கு வைஃபை உண்டுன்னா அதுக்கும் வயர் வேண்டாம், பத்து பேஜ் அடிக்க என்னத்துக்கு வயரு? எடத்த விட்டு நவுராத, நாள் முழுக்க ஓடுற, பாதில நின்னா வேல கெட்டுப் போற மெசினுக்குத்தான் வயர். அந்த கணக்குல தம்பிக்க கம்ப்யூட்டர், ஸ்டோரேஜ், டிவிஆர், ஒங்க கம்ப்யூட்டர், நாலுதான்.

கருங்கல்காரன்:
அக்கா நல்ல ஐடியா, டிவிய வைஃபைல போட்டாச்சு, ஒரு வித்தியாசமும் தெரியல. பிரிண்டர் பழசு, அதுல வைஃபை இல்ல, லேன் மட்டும் உண்டு. அந்த நாலாவது போர்ட்டு ஏன் ஓடலன்னு ஒருத்தரும் சொல்லலியே.

முட்டம் காத்து:
நாலாவது போர்ட்டு கெட்டுப் போயிருக்கணும்னு இல்ல. நெறைய மோடத்துல ஒரு போர்ட்ட ஐபிடிவிக்குன்னு (நெட்டு வயர் வழியா வாற டிவி) ஒதுக்கி வச்சிருப்பானுவ, அதுக்கு வேற விலேன், அதாவது தனி நெட்வொர்க், போட்டுருக்கும், லைட்டு எரியும் ஆனா நெட்டு வராது. மோடம் செட்டிங்ல அட்மின் பாஸ்வேர்டு இருந்தா அத நெட்டு பக்கம் மாத்தலாம், பாஸ்வேர்டு கம்பெனிக்காரன்கிட்ட இருந்தா போன் போட்டு "நாலாவது போர்ட்டயும் இன்டர்நெட்டுக்கு பைண்ட் பண்ணி தாங்க"ன்னு சொல்லுங்க, நல்ல ஆளுன்னா அங்க இருந்தே செஞ்சு தருவான்.

இன்னொண்ணு, மோடத்த திருப்பி அடியில ஸ்டிக்கர பாருங்க. ஒரு போர்ட்டுல ஜிஇ மத்ததுல எஃப்இன்னு இருக்கும் சிலதுல. ஜிஇ-ன்னா ஜிகாபிட், எஃப்இ-ன்னா 100. ஸ்விச்சுக்கு போற வயர ஜிஇ-லதான் குத்தணும்.

துபாய் மார்த்தாண்டம்:
ப்ரோ இந்த வயரு கியரு எல்லாம் விட்டுட்டு ஒரு நல்ல மெஷ் வைஃபை மூணு பீஸ் செட்டு வாங்கி போடுங்க, வீடு பூரா கவரேஜ், எனக்க பிளாட்ல அதான் போட்டுருக்கேன், பிரச்சனையே இல்ல.

வடசேரிக்காரன்:
அவரு நூத்தம்பது ரூவா ஒய்ய கேட்டு வந்த மனுசன் ஓய். பன்னெண்டாயிரம் ரூவா மெஷ்ஷ அவரு தலையில கெட்டாதீரும். பிளாட்டுக்க ஜிப்சம் செவுரும் கருங்கல் வெட்டுக்கல்லும் ஒண்ணா?

முட்டம் காத்து:
வீட்டுல பழைய ரவுட்டர் ஏதாவது கெடக்கா? இருந்தா ஸ்விச்சே வாங்க வேண்டாம், அதே ஸ்விச்சா வேல செய்யும், கூடவே மச்சுல வைஃபையும் கெடைக்கும். செய்யது இம்புட்டுதான். அத மட்டும் தனியா கம்ப்யூட்டர்ல மாட்டி, செட்டிங்குக்குள்ள போய் அதுக்க ஐபிய 192.168.1.2 மாதி வேற நம்பரா மாத்துங்க (மோடம் 192.168.1.1-ல இருக்கதா வச்சு சொல்லுதேன், மோடம் வேற வரிசைன்னா அதே வரிசையில ஒரு நம்பர்). பொறவு அதுல டிஎச்சிபி-ய (ஐபி குடுக்க வேல) ஆஃப் பண்ணுங்க. ஆஃப் பண்ணாம விட்டா மோடமும் இதுவும் ரெண்டும் ஐபி குடுக்க ஆரம்பிச்சு, ஒரு மெசின்ல நெட்டு வரும் ஒண்ணுல வராதுன்னு தல சுத்த வைக்கும். மோடம்லேருந்து வாற வயர டபிள்யூஏஎன் போர்ட்டுல (வெளி நெட்டு வாறதுக்கு உள்ள ஓட்டை) குத்தாதீங்க, லேன் போர்ட்டுலயே குத்துங்க. டபிள்யூஏஎன்ல குத்துனா நெட்டு வரத்தான் செய்யும், ஆனா அதுக்கு பின்னால உள்ளது தனி நெட்வொர்க் ஆயிரும், கீழ உள்ள பிரிண்டர மச்சுல உள்ள கம்ப்யூட்டர் கண்டுபிடிக்காது. புதுசா வந்த ரவுட்டர்ல "ஆக்சஸ் பாயிண்ட் மோட்"னே ஒண்ணு இருக்கும், அத போட்டா இந்த பாடு ஒண்ணும் வேண்டாம்.

கருங்கல்காரன்:
தட்டுல பழைய பிராட்பேண்ட் மோடம் ஒண்ணு கெடந்துது, டெலிபோன் லைன்ல ஓடுனது. பின்னால நாலு லேன் போர்ட்டு இருக்கு. அதுவும் ஆவுமா?

முட்டம் காத்து:
ஆவும், டெலிபோன் வயர் குத்த ஓட்டைய விட்டுருங்க, லேன் நாலு மட்டும் எடுங்க. ஆனா அது எல்லாம் 100 போர்ட்டுதான். பிரிண்டருக்கும் டிவிஆருக்கும் அது தாராளம். டிவிஆர்ல இருக்க கேமராக்கெல்லாம் கோஆக்ஸ் வயர் (கேபிள் டிவி வயர் மாதி)தான போயிருக்கு, அப்பம் வீட்டு நெட்வொர்க்குல அது போன்ல பாக்கும்போ மட்டும்தான் ஓடும். கேமரா ஒண்ணுக்கு ரெண்டுலேருந்து நாலு எம்பிபிஎஸ் வரும்.

திங்கள்சந்தை டெக்:
ஸ்டோரேஜும் ரெண்டு கம்ப்யூட்டரும் ஜிகாபிட் ஸ்விச்சுல, பிரிண்டரும் டிவிஆரும் பழைய மோடத்துல, அந்த பழைய மோடத்துலேருந்து ஒரு வயர் ஸ்விச்சுக்கு. இப்பிடி ஒண்ணுக்கு பின்னால ஒண்ணு மாட்டலாம், வீட்டு அளவுக்கு ஒண்ணும் ஆவாது. அப்பம் அஞ்சு போர்ட்டே போதும், எட்டு வேண்டாம். டிபி-லிங்க், டி-லிங்க், டெண்டா எது கெடச்சாலும் ஆயிரத்துக்கு கொஞ்சம் முன்ன பின்ன.

இனி கேபிளு. ஸ்விச்சு வெல பாத்து எல்லாரும் பேரம் பேசுவீங்க, கேபிளுக்கு மட்டும் எது கொறவோ அத வாங்கிட்டு போவீங்க, பொறவு எனக்கு போன் வரும். கடையில கேட்6 தரம்னு விக்கதுல நெறைய சிசிஏ, உள்ள அலுமினியம் மேல செம்பு பூச்சு. கையில எடுத்தா லேசா இருக்கும். உள்ள இருக்க ஒரு வயர பிளேடு வச்சு சொரண்டுங்க, செம்புன்னா சொரண்ட சொரண்ட செவப்பாவே இருக்கும், சிசிஏன்னா வெள்ளையா பளபளன்னு தெரியும். ரெண்டு மூணு தடவ வளச்சா ஒடஞ்சும் போவும். செவுத்துக்குள்ள பைப்புல ஏத்துன பொறவு உள்ள ஒடஞ்சா என்ன செய்வீங்க? அதுக்கு ஒரு படி கீழ உள்ள கேட்5இ, சுத்த செம்பா வாங்குனாகூட போதும், அதுலயும் 100 மீட்டர் வர ஜிகாபிட் போவும். சிசிஏ கேட்6 வாங்கதுக்கு செம்பு கேட்5இ எத்தனையோ மேல்.

நெல்லிக்கா (தக்கலை):
மச்சுக்கு எப்பிடி ஏத்தப் போறீங்க? செவுரு வெட்டி பைப்பு போட்டா ஆசாரி கூலி, பூச்சு, பெயிண்டு, ஸ்விச்சு வெலைக்கு மேல அஞ்சு மடங்கு ஆவும். பழைய கேபிள் டிவி வயரு மச்சுக்கு போயிருக்கா பாருங்க. நம்ம ஊர்ல கல்ஃப் துட்டுல கெட்டுன வீடு எல்லாத்துலயும் ரூமுக்கு ரூம் கேபிள் டிவிக்கு பைப்பு விட்டுருப்பாவ, இப்பம் எல்லாம் சும்மா கெடக்கு. அந்த கோஆக்ஸ் வயருக்க முனையில லேன் வயர டேப்பு போட்டு நல்லா இறுக்கி கெட்டிட்டு, மேல நின்னு ஒருத்தர் பைய இழுக்க கீழ நின்னு ஒருத்தர் தள்ளி குடுக்க, பழசு வெளிய வரும்போ புதுசு உள்ள ஏறிரும். அதே நேரம் ஒரு நைலான் கயிறும் சேத்து கெட்டி விடுங்க, நாளைக்கு இன்னொரு வயர் ஏத்த வேண்டி வந்தா அது உள்ள கெடக்கும்.

திங்கள்சந்தை டெக்:
அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. கனெக்டர் அடிச்ச வயர பைப்புக்குள்ள ஏத்த பாக்காதீங்க, தல போவாது. வயர ஏத்துன பொறவு ரெண்டு பக்கமும் கனெக்டர் அடிக்கணும். வளவுல மாட்டுனா எலெக்ட்ரீசியன்கிட்ட ஸ்பிரிங் இருக்கும், அத விட்டு இழுக்கலாம். கரண்டு வயர் போற பைப்புல மட்டும் ஏத்திராதீங்க, எம்புட்டு எடம் இருந்தாலும் செரி.

முட்டம் காத்து:
கடல் பக்கம் உள்ளவங்களுக்கு ஒரு விசயம். முட்டம், கொளச்சல், குறும்பனை பக்கம் எல்லாம் உப்புக் காத்துல கனெக்டருக்க பல்லு பச்ச பிடிச்சுரும். வெல கொறஞ்ச கனெக்டர்ல தங்க முலாம் பேருக்குத்தான் இருக்கும். நெட்டு விட்டு விட்டு வந்தா மோடத்த திட்டதுக்கு முன்ன கனெக்டர கழத்தி பாருங்க. காலியா கெடக்க போர்ட்டுக்கு ரப்பர் மூடி கெடைக்கும், அத மாட்டி வச்சா நல்லது.

கருங்கல்காரன்:
அப்டேட். அஞ்சு போர்ட்டு ஜிகாபிட் வாங்கியாச்சு, செம்பு கேட்6 முப்பது மீட்டர், மீட்டரு முப்பது ரூவா கணக்குல. அக்கா சொன்னது மாதி கேபிள் டிவி பைப்புலயே ஏறிட்டு, ஒரு வளவுல மட்டும் மாட்டுச்சு, சோப்பு தண்ணி தடவி இழுத்தோம். கனெக்டர் கடைக்காரப் பையன் வந்து அடிச்சு குடுத்தான். தம்பிக்கு நெட்டு கெடச்சாச்சு, மீட்டிங்ல தொங்கது நின்னுட்டு. ஆனா அவனுக்க கம்ப்யூட்டர்ல லிங்க் ஸ்பீடு 100ன்னு காட்டுது, எனக்க கம்ப்யூட்டர்ல 1000. ஸ்விச்சுல போர்ட்ட மாத்தி மாத்தி குத்தி பாத்தாச்சு, அவனுக்கு அதே 100தான். ஸ்விச்சு டூப்ளிக்கேட்டா?

திங்கள்சந்தை டெக்:
ஒங்க கம்ப்யூட்டர்ல 1000 வருதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அப்பம் ஸ்விச்சு நல்லாத்தான் இருக்கு. மச்சுக்கு போற லைன்ல ஒரு வயர் சேரல. நாலு ஜோடியும் சேந்தாத்தான் 1000, நீலமோ பிரவுனோ விட்டுப் போனா ஆரஞ்சு பச்ச ரெண்டு ஜோடிய வச்சு 100-ல ஓடிக்கிட்டு இருக்கும், நெட்டு வாறதுனால யாருக்கும் சந்தேகமே வராது. இருநூறு ரூவா பக்கத்துல ஒரு கேபிள் டெஸ்டர் கெடைக்கும், ஒண்ணுலேருந்து எட்டு வர லைட்டு வரிசையா எரியும், எது எரியலன்னு பாருங்க. நாலு அஞ்சு நீலம், ஏழு எட்டு பிரவுன்.

கருங்கல்காரன்:
பக்கத்து வீட்டு எலெக்ட்ரீசியன்கிட்ட டெஸ்டர் இருந்துது. ஏழு எரியல.

திங்கள்சந்தை டெக்:
ஏழு வெள்ளப் பிரவுன். கனெக்டர கண்ணுக்கு நேர பிடிச்சு முன் பக்கத்துலேருந்து பாருங்க, எட்டு வயருக்க முனையும் செம்புப் புள்ளியா தெரியணும், ஒண்ணு மட்டும் பின்னால நிக்கும். அத வெட்டிட்டு புதுசு அடிங்க. வரிசை இது: வெள்ள ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளப் பச்ச, நீலம், வெள்ள நீலம், பச்ச, வெள்ளப் பிரவுன், பிரவுன். ரெண்டு பக்கமும் இதே வரிசைதான். மூணும் ஆறும் பச்ச, நடுவுல நீலம், இங்கதான் பயலுவ ஆறுல நீலத்த வச்சு சொதப்புவானுவ. மேல் தோல ஒரு இஞ்சுக்கு மேல உரிக்காதீங்க, தோலுக்க முனை கனெக்டருக்கு உள்ள போய் பிளாஸ்டிக் நாக்கு அத கவ்வி பிடிக்கணும், இல்லன்னா வயர ரெண்டு இழு இழுத்தா மறுக்கா விட்டுப் போவும்.

கருங்கல்காரன்:
1000 வந்துட்டு! மச்சு முனையில வெள்ளப் பிரவுன் உள்ள எட்டாம நின்னுருக்கு.

வடசேரிக்காரன்:
சந்தோசம். இப்பம் தம்பி கல்யாண வீடியோவ மூணு நிமிஷத்துல காப்பி பண்ணட்டும், மிச்ச நேரம் வேல பாக்கட்டும்.

கருங்கல்காரன்:
அவசரம்! காலையிலேருந்து வீடு பூரா நெட்டு போச்சு. வைஃபையும் இல்ல. ஸ்விச்சுல எல்லா லைட்டும் பேய் பிடிச்சது மாதி படபடன்னு மின்னுது. மோடத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ரெண்டு நிமிஷம் வருது, மறுபடி போவுது. தம்பி கையில லேப்டாப்ப எடுத்துக்கிட்டு கருங்கல் ஜங்ஷனுக்கு போயிட்டான்.

நெல்லிக்கா (தக்கலை):
ஸ்விச்சுக்கு பின்னால ரெண்டு முனையும் ஸ்விச்சுலயே குத்தி கெடக்க வயர் ஏதாவது இருக்கா பாருங்க. வீட்டுல யாராவது தூத்து தொடச்சாங்களா?

கருங்கல்காரன்:
அம்மா தொடச்சாவ. ஒரு சின்ன வயர் தொங்கிக் கெடந்துது, "அழகா இருக்கட்டும்னு அதையும் காலி ஓட்டையில சொருகி வச்சேன்"ங்காவ.

நெல்லிக்கா (தக்கலை):
அதேதான். ஒரு முனைய உருவுங்க, செரியாவும். ஒரு மெசின் "நீ எங்க இருக்க"ன்னு எல்லாருக்கும் அனுப்புற செய்தி அந்த வயருல போய் திரும்பி உள்ள வந்து மறுபடி எல்லாருக்கும் போய், நிக்கவே நிக்காது, அதுலயே நெட்வொர்க் அடச்சுரும். சாதா ஸ்விச்சுல பெரும்பாலும் இத கண்டுபிடிச்சு நிப்பாட்ட வழி கெடையாது. எனக்க ஸ்கூல் லேப்லயும் பிள்ளைய இத செய்யும். வேண்டாத வயர அங்கன விட்டு வைக்காதீங்க, அம்மா பேருல குத்தம் இல்ல.

கருங்கல்காரன்:
உருவுன உடனே வந்துட்டு அக்கா. அம்மாகிட்ட சொன்னேன், "காலி ஓட்ட பாத்தா யாருக்குத்தான் சொருவத் தோணாது"ங்காவ.

மலையோரம் (குலசேகரம்):
தம்பி, ஸ்விச்சுக்கு இன்வெர்ட்டர் கரண்டு உண்டா? மோடத்துக்கு மினி யுபிஎஸ் வச்சிருக்கது உண்டுன்னா ஒரு காரியம் பாத்துக்கோ. மோடம் அநேகமா 12 வோல்ட்டு, ஸ்விச்சு 5 வோல்ட்டோ 9 வோல்ட்டோ இருக்கும், ஆனா ரெண்டுக்கும் பின்னு ஒண்ணு போல இருந்து தொலைக்கும். யுபிஎஸ்லேருந்து 12 வோல்ட்டு வயர ஸ்விச்சுல குத்துனா புகைஞ்சுரும். அடாப்டர்ல எழுதியிருக்கத பாத்து செய்யணும்.

கருங்கல்காரன்:
நல்ல வேள சொன்னீங்க அண்ணாச்சி, அதத்தான் செய்யலாம்னு இருந்தேன். ஸ்விச்சுக்க அடாப்டர்ல 5 வோல்ட்டுன்னு போட்டுருக்கு. இன்வெர்ட்டர் பிளக்குலயே மாட்டிட்டேன்.

கடைசியா ஒண்ணு கேக்கட்டா. விளைக்கு அந்தப் பக்கம் சித்தப்பா வீடு, ஒரு எழுபது மீட்டர் வரும். ஒரே குடும்பம்தான், அங்கயும் சிசிடிவி வைக்கணும்ங்காரு, நெட்டு இங்க இருந்தே போட்டா போதுமாம். மிச்ச கேபிளோட இன்னும் கொஞ்சம் வாங்கி தென்னைல கெட்டி இழுத்துரலாம்னு நெனைக்கேன். 100 மீட்டருக்குள்ளதான வருது?

மலையோரம் (குலசேகரம்):
தூரம் செரி, ஆனா செம்பு வயர வீட்டுக்கும் வீட்டுக்கும் எடையில வெளிய இழுக்காத மக்ளே. நம்ம ஜில்லாவுக்கு தென்மேற்கும் உண்டு வடகிழக்கும் உண்டு, போதாக்கொறைக்கு சித்திர வைகாசியில உச்சி திரும்புனா மலையிலேருந்து இடி எறங்கி வரும், ஐப்பசி கார்த்திகையில சொல்லவே வேண்டாம். மின்னல் வயருல நேரா விழணும்னு இல்ல, பக்கத்து தென்னைல விழுந்தா போதும், அந்த வயருல ஏறுற கரண்டு ரெண்டு பக்கமும் ஸ்விச்சு, மோடம், டிவிஆர், டிவி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு போவும். ரெண்டு வீட்டு எர்த்தும் வேற வேற, அந்த வித்தியாசமும் இந்த வயரு வழியாத்தான் ஓடும். எனக்க பால் கடைக்கு இப்பிடித்தான் இழுத்துருந்தேன், ஒரு ராத்திரி மழைல ஸ்விச்சுக்க போர்ட்டு பூரா கருகி, மோடத்துக்க உள்ள ஒரு சிப்பு பொரிஞ்சு, மணம் காலைல வர வீட்டுல நின்னுது.

வடசேரிக்காரன்:
அது போக தென்ன மட்ட விழுந்தா வயரு அறுந்தாச்சு, அணில் கடிக்கது வேற. வீட்டுக்குள்ள போடுற சாதா லேன் கேபிளு வெயில்ல ஒரு வருஷத்துலயே தோலு வெடிக்க ஆரம்பிக்கும்.

கருங்கல்காரன்:
அப்பம் சித்தப்பாக்கு வழியே இல்லியா?

திங்கள்சந்தை டெக்:
உண்டு. ஃபைபர் இழுங்க. கண்ணாடி இழையில கரண்டு போவாது, மின்னலும் போவாது. ரெண்டு பக்கமும் மீடியா கன்வெர்ட்டர்னு ஒரு சின்ன பெட்டி வைக்கணும், ஒரு பக்கம் ஃபைபர் குத்தணும் மறு பக்கம் லேன் குத்தணும், ஜோடியாத்தான் விப்பான், ஜிகாபிட் ஜோடி ரெண்டாயிரத்துக்கு உள்ள கெடைக்கும். ஒண்ணுல ஏ-ன்னும் மத்ததுல பி-ன்னும் எழுதியிருக்கும், ஒண்ணு 1310 நானோமீட்டர் வெளிச்சத்துல அனுப்பி 1550-ல வாங்கும், மத்தது தலகீழா. அதுனால ரெண்டும் ஏ-வா வாங்கிராதீங்க, ஒண்ணும் ஓடாது. ஃபைபர் வயர் செம்பு லேன் வயர விட வெல கொறவுதான், கனெக்டர் அடிக்க மட்டும் ஆளு வேணும், நெட்டு மாட்ட வந்த பையன்கிட்ட தனியா கேட்டா செஞ்சு குடுப்பான்.

ஒரு எச்சரிக்கை உண்டு. நம்ம ஊர்ல தென்னைல கெட்டி இழுக்க அந்த கறுத்த தட்ட ஃபைபர் வயருல பக்கத்துல ஒரு இரும்புக் கம்பி ஒட்டி வரும், இழுத்துக் கெட்டதுக்கு. அந்தக் கம்பிய வீட்டுக்கு வெளியவே கொக்கில கெட்டி வெட்டி விட்டுரணும், மெசின் வர கொண்டு வரக்கூடாது. கொண்டு வந்தா மலையோரம் அண்ணாச்சி சொன்ன கதைதான்.

மலையோரம் (குலசேகரம்):
அது செரி. நானும் இப்பம் கடைக்கு ஃபைபர்தான் போட்டுருக்கேன், இடி இடிச்சா கரண்டு பிளக்க மட்டும் உருவி விடுவேன்.

கருங்கல்காரன்:
பையன்ட்ட கேட்டாச்சு, சனிக்கிழமை வாறேங்கான். ஆனா கையில பச்ச கனெக்டர்தான் இருக்காம், கன்வெர்ட்டர் படத்துல நீலமா இருக்கு. பச்சைய குத்துனா என்ன, உள்ள போவத்தான செய்யும்?

திங்கள்சந்தை டெக்:
உள்ள போவும், ஆனா குத்தாதீங்க. பச்சைக்க முனை சரிவா தேச்சிருப்பான், நீலத்துக்க முனை அப்பிடி இல்ல, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒழுங்கா முட்டாது, வெளிச்சம் பாதி வீணாப் போவும், முனையும் கீறும். அவன்ட்ட நீல பிக்டெயில் (ஒரு முனையில கனெக்டரோட வாற சின்ன ஃபைபர் துண்டு) ரெண்டு கொண்டு வரச் சொல்லுங்க, ஸ்பிளைஸ் மெசின் கையில இருந்தா ரெண்டு பக்கமும் அதையே ஒட்டி விட்டுருவான். இல்லன்னு சொன்னா எனக்கு மெசேஜ் போடுங்க, திங்கள்சந்தையில எனக்கிட்ட கெடக்கு, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு முன்ன வந்து எடுத்துக்கிடுங்க.